எடைக்குப் போகும் முதல் பதிப்புகள்

ஒரே நாவல், ஒரே கதை, கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகள். ஒரு காப்பி ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு நாளைக்கே வீட்டுக்கு வந்துடும். இன்னொரு காப்பி வேணும்னா ஒரு நல்ல கார் வாங்குற காசு எடுத்து வைக்கணும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஏன் சில பேர் படிச்சு முடிச்ச நாவலையே மறுபடி மறுபடி, பழைய பழைய பதிப்பா தேடி வாங்குறாங்க? இது பணக்காரங்க பொழுதுபோக்கா, இல்ல நம்மள மாதிரி மெஸ் பில் கட்டவே யோசிக்கிற ஆளுங்களும் பண்ணக்கூடிய விஷயமா?

இந்தக் கட்டுரை அதப் பத்தித்தான். அமெரிக்காவுல ஆரம்பிச்சு மேடான், மதுரை வழியா நம்ம காஞ்சிபுரம் பழைய பேப்பர் கடைக்கு வந்து சேரப்போறோம்.

மூணு 'பி' போட்ட நாவல்

எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதின 'தி சன் ஆல்சோ ரைசஸ்' நாவலை நியூயார்க்ல ஸ்க்ரிப்னர்ஸ் நிறுவனம் 1926 அக்டோபர் 22 அன்று வெளியிட்டது. முதல் உலகப் போர்ல அடிபட்டு, சொந்த நாட்டுக்குத் திரும்பப் பிடிக்காம பாரிஸ்ல குடியும் கும்மாளமுமா வாழுற ஒரு கூட்டத்தோட கதை. கதை சொல்ற ஜேக் பார்ன்ஸ் ஒரு பத்திரிகைக்காரன். எல்லாரும் சேர்ந்து ஸ்பெயின்ல காளைத் திருவிழா பார்க்கப் போறாங்க. வெளிய கொண்டாட்டம், உள்ள ஒண்ணுமே இல்லாத வெறுமை. இங்கிலாந்துல அடுத்த வருஷம் இதே நாவல் 'ஃபியஸ்டா'ங்கிற வேற பேர்ல வந்தது.

முதல் அச்சுல போட்டது 5,090 காப்பி, விலை 2 டாலர். அதுல 181ஆம் பக்கத்துல 'ஸ்டாப்டு'ங்கிற ஆங்கில வார்த்தைக்கு ரெண்டு 'பி'க்குப் பதிலா மூணு 'பி' விழுந்துடுச்சு. பிறகு திருத்திட்டாங்க. அட்டைக்கு மேல போடுற காகித உறையில ஹெமிங்வேயோட முந்தைய புத்தகம் 'இன் அவர் டைம்' பேரை, 'இன் அவர் டைம்ஸ்'னு தப்பா அடிச்சிருந்தாங்க. அதையும் பிறகு திருத்தினாங்க.

இப்ப கதை தலைகீழா மாறுது. தப்பு இருக்கிற காப்பிதான் ஒரிஜினல்! மூணு 'பி' இருந்தா அது ஆரம்பத்துலயே அச்சானது, ரெண்டு 'பி' இருந்தா கொஞ்சம் பின்னாடி வந்ததுன்னு கலெக்டர்கள் பிரிக்கிறாங்க. அந்தக் காகித உறை மட்டும் கிழியாம இருந்தா விலை பல மடங்கு ஏறிடும். ஏன்னா அந்தக் காலத்துல புத்தகத்த வாங்கின உடனே உறையைத் தூக்கிப் போட்டுடுவாங்க. முதல் பதிப்ப அப்படியே நகலெடுத்துப் பிற்காலத்துல அச்சிட்ட பதிப்புகளும் இருக்கு. அதனால மூணு 'பி'யப் பார்த்த உடனே குதிக்கக் கூடாது. பேப்பர், பைண்டிங், உறைன்னு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

இதுல விலைய விட்டுடுங்க, அது நமக்கு எட்டாது. பிடிச்சுக்க வேண்டியது ஒண்ணுதான்: பழைய பதிப்பு ஒரு சாட்சி. அந்த நாவல் பிறந்தப்ப எப்படி இருந்தது, எத்தன பேருக்காக அடிச்சாங்க, யார் எதைத் திருத்தினாங்க, எல்லாத்தையும் அது சொல்லும். புதுப் பதிப்பு கதையைச் சொல்லும். பழைய பதிப்பு, கதை எப்படி நம்மகிட்ட வந்து சேர்ந்ததுங்கிறதையும் சேர்த்துச் சொல்லும்.

நம்ம மொழியில அந்த நாவல்

இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச என்னை மாதிரி ஆளுங்க ஹெமிங்வேய முதல்ல படிச்சிட்டு அப்புறமாத்தான் ப. சிங்காரத்துக்கு வர்றோம். ஆனா ஊர விட்டுப் போய், போருல மாட்டி, எதுலயும் ஒட்ட முடியாமப் போனவங்க கதைக்கு நாம பாரிஸ் வரைக்கும் போகவே வேண்டாம்.

ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல், அதாவது நாம காலேஜ் சேர்ற வயசுல, இந்தோனேசியாவுல இருக்கிற மேடான் நகரத்துக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். அப்ப அது டச்சுக்காரங்க ஆட்சி. அப்புறம் ஜப்பான்காரங்க வந்தாங்க. போர் முடிஞ்சு 1946இல் இந்தியா திரும்பினார். மதுரையில 'தினத்தந்தி'யில வேலை. பல பத்து வருஷம் மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில தனியா வாழ்ந்தார். 1997 கடைசியில இறந்தார். எழுதினது ரெண்டே நாவல்.

முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்'. கலைமகள் நடத்தின நாவல் போட்டியில பரிசு வாங்கி 1959இல் புத்தகமா வந்தது. போர்ல சண்டை போட்டுட்டு பினாங்குக்குத் திரும்பி வந்த செல்லையா, முதலாளி மகள் மரகதத்தை விரும்புறான். துப்பாக்கி பிடிச்ச கை மறுபடி கணக்குப் புத்தகம் பிடிக்கணும்னு அந்த உலகம் எதிர்பார்க்குது.

ரெண்டாவது 'புயலிலே ஒரு தோணி'. 1962இல் எழுதி முடிச்சது. கலைஞன் பதிப்பகம் அதைப் புத்தகமா கொண்டுவந்தது 1972இல். நடுவுல பத்து வருஷம்! கதாநாயகன் பாண்டியன் மேடான்ல ஆரம்பிச்சு பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், இந்தோனேசிய விடுதலைப் போர்னு அலையுறான். உடம்பு அங்க, மனசு மதுரைத் தெருக்கள்ல. ஊருக்கும் திரும்ப முடியல, போன இடத்துலயும் நிலைக்க முடியல. ஹெமிங்வே ஆளுங்க பணமும் ஓய்வும் இருந்து நொந்து போனவங்க. சிங்காரத்தோட ஆளுங்க பெட்டியடியில உட்கார்ந்து கணக்கு எழுதப் போனவங்க. நொந்து போறதுக்குக் கூட லீவு கிடைக்காதவங்க.

இன்னைக்கு இது தமிழின் பெரிய நாவல்கள்ல ஒண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா வந்தப்ப அப்படி யாரும் தூக்கிக் கொண்டாடல. ரொம்பக் கொஞ்சம் வாசகர்கள்தான் கையிலிருந்து கைக்குக் கொடுத்துப் படிச்சாங்க, பேசினாங்க. அவர் காலத்துக்குப் பிறகு தமிழினி ரெண்டு நாவலையும் ஒரே தொகுதியா கொண்டுவந்தது. அதுக்கப்புறம் நற்றிணை உட்பட வேற பதிப்பகங்களும் போட்டாங்க.

1972லிருந்து அந்த மறுவரவு வரைக்கும் இந்த நாவலைக் காப்பாத்தினது எது? யாரோ சில பேர் தூக்கிப் போடாம வெச்சிருந்த பழைய காப்பிதான். தமிழ்ல பழைய பதிப்பு சேகரிக்கிறது ஏன் முக்கியம்னு கேட்டா இதுதான் என் பதில். ஹெமிங்வே நாவல் எங்கேயும் காணாமப் போகாது. நம்ம நாவல் போகும்.

'முதல் பதிப்பு'ன்னு போட்டிருந்தா போதுமா?

போதாது. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க.

தமிழ்ப் பதிப்பகங்கள்ல ஒரு பழக்கம் உண்டு. ஒரு பதிப்பகம் ஒரு புத்தகத்த முதல் தடவை அச்சிட்டா, அது அவங்களுக்கு 'முதல் பதிப்பு'. அந்த நாவலை நாப்பது வருஷம் முன்னாடி வேற யாரோ போட்டிருந்தாலும் சரி. ஆன்லைன்ல விக்கிறவர் இம்ப்ரிண்ட் பக்கத்துல 'முதல் பதிப்பு'ங்கிற ரெண்டு வார்த்தைய மட்டும் பார்த்துட்டு விலைய ஏத்திடுவார். அதனால பதிப்போட பேரை மட்டும் பார்க்காம வருஷத்தையும் பதிப்பகத்தையும் சேர்த்துப் பாருங்க. 'புயலிலே ஒரு தோணி'யோட முதல் பதிப்புன்னா கலைஞன் பதிப்பகம், 1972. மத்ததெல்லாம், எவ்வளவு அழகா இருந்தாலும், மறுபதிப்புதான்.

இன்னொண்ணு. ஆங்கிலத்துல 'எடிஷன்' வேற, 'இம்ப்ரெஷன்' வேற. அதே எழுத்துக்கோப்ப வெச்சு மறுபடி அடிச்சா அது இம்ப்ரெஷன். புதுசா கோத்து, திருத்தி அடிச்சா அது எடிஷன். தமிழ்ல பெரும்பாலும் ரெண்டுக்கும் 'இரண்டாம் பதிப்பு'ன்னே போட்டுடுறாங்க. உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கான்னு தெரியணும்னா ரெண்டு காப்பியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வரியா பார்க்கிறதத் தவிர வழியில்ல.

புத்தகத்தோட வயசைக் கண்டுபிடிக்க ஆறு டெஸ்ட்

பழைய புத்தகத்துல பெரும்பாலும் முதல்ல கிழிஞ்சு போறது முன் பக்கமும் பின் பக்கமும்தான். வருஷம் இருக்கிற பக்கமே இருக்காது. அப்ப என்ன பண்ணலாம்? நாம இன்ஜினியரிங் பசங்க, டெஸ்ட் பண்ணலாம்.

1. எழுத்து டெஸ்ட். 1978 அக்டோபர்ல தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. பெரியார் முன்னாடியே கொண்டுவந்த மாற்றங்கள் அவை. மொத்தம் 13 எழுத்து மாறினது. அதுக்கு முன்னாடி ணை, லை, ளை, னை நாலுக்கும் எழுத்தோட சேர்ந்து முன்னால யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னாவுக்குத் தனியா கால் கிடையாது, எழுத்தோட வாலே கீழ வளைஞ்சு சுத்தும். நம்ம தாத்தா பாட்டி கையெழுத்துல இன்னும் பார்க்கலாம். ஆக, 1959 பதிப்புன்னு சொல்லி விக்கிற ஒரு நாவல்ல புது 'லை' இருந்தா சந்தேகப்படுங்க. பெரியார் இயக்க வெளியீடுகள் மட்டும் விதிவிலக்கு, அவங்க 1935லிருந்தே புது எழுத்துல போட்டாங்க.

2. விலை டெஸ்ட். 1957 ஏப்ரல் 1 அன்னைக்குத்தான் தசம நாணயம் வந்தது. விலை ரூபாய், அணா கணக்குல இருந்தா அதுக்கு முந்தினது, இல்ல அந்த மாற்றத்த ஒட்டி வந்தது. 'ந.பை.' அதாவது நயா பைசான்னு இருந்தா 1957க்கும் 1964க்கும் நடுவுல. அதுக்கப்புறம் 'நயா' போய் வெறும் பைசா.

3. முகவரி டெஸ்ட். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அறிமுகமாச்சு. அதுக்கு முன்னாடி 'சென்னை-17' மாதிரி இருக்கும். '600 017'ன்னு இருந்தா கண்டிப்பா அந்த நாளுக்குப் பின்னாடி. அதே மாதிரி நம்ம மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் மாறினது 1969இல்.

4. விரல் டெஸ்ட். ஈய எழுத்த வெச்சு அழுத்தி அடிச்ச லெட்டர்பிரஸ் பக்கத்தோட பின்புறத்த விரலால தடவிப் பாருங்க. லேசா மேடு தட்டும். ஆஃப்செட்ல அடிச்ச பக்கம் வழவழன்னு இருக்கும்.

5. எண் டெஸ்ட். ஐ.எஸ்.பி.என். இருந்தா புத்தகம் அவ்வளவு பழசு இல்ல. அது 13 இலக்கம்னா பொதுவா 2007க்குப் பின்னாடி, 10 இலக்கம்னா அதுக்கு முன்னாடி.

6. விளம்பர டெஸ்ட். கடைசிப் பக்கத்துல 'எங்கள் பிற வெளியீடுகள்'னு ஒரு பட்டியல் இருக்கும். அதுல இருக்கிற புத்தகங்கள்ல கடைசியா வந்தது எதுன்னு பார்த்தா, நம்ம கையில இருக்கிறது அதுக்கு முந்தினதா இருக்க முடியாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதுல பெரும்பாலானது ஒருவழிப் பாதை. புது எழுத்து இருந்தா 1978க்கு முன்னாடின்னு நம்ப முடியாது. ஆனா பழைய எழுத்து இருந்தா 1978க்கு முன்னாடின்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. ஏன்னா அரசு ஆணை போட்ட மறுநாளே எந்த அச்சகமும் ஈய எழுத்தை எல்லாம் உருக்கிடல, இருக்கிற எழுத்த வெச்சே பல வருஷம் ஓட்டினாங்க. பின்கோடும் அப்படித்தான். வந்த பிறகும் பல பேர் 'சென்னை-17'ன்னுதான் போட்டாங்க. ஒரே டெஸ்ட்ல தீர்ப்பு எழுதாதீங்க. மூணு டெஸ்ட் ஒரே பக்கம் கை காட்டினா நம்பலாம்.

ஒரு உதாரணம் சொல்றேன். போன வருஷம் பெரிய காஞ்சிபுரத்துல ஒரு பழைய பேப்பர் கடையில, கட்டு கட்டா கைடு புத்தகங்களுக்கு நடுவுல ஒரு நாவல் கிடைச்சது. அட்டை இல்ல, தலைப்புப் பக்கம் இல்ல. கடைக்கார அண்ணன் தராசுல போட்டுச் சொன்ன விலை ஒரு டீ, ஒரு வடை விலை. எழுத்தைப் பார்த்தேன், துதிக்கை இருக்கு. தடவிப் பார்த்தேன், மேடு தட்டுது. கடைசிப் பக்கம் தப்பிச்சு இருந்தது. அதுல விளம்பரத்துல விலையெல்லாம் ந.பை. கணக்கு, முகவரி 'சென்னை-1'. ஆக 1957க்கும் 1964க்கும் நடுவுல. தலைப்பே தெரியாத ஒரு புத்தகத்துக்கு அஞ்சு நிமிஷத்துல ஏழு வருஷத்துக்குள்ள வயசு சொல்லியாச்சு. இந்த சந்தோஷத்துக்கு காசே தேவையில்ல.

தராசுக்குப் போற ரெண்டு பொருள்

காஞ்சிபுரத்துல இருக்கிறவங்களுக்கு இந்தத் தராசு புதுசு இல்ல. பழைய பட்டுப்புடவையும் இங்க எடைக்குத்தான் போகுது. வாங்குறவங்க பார்க்கிறது ஜரிகையில இருக்கிற வெள்ளிய மட்டும். பட்டு நூல் மேல வெள்ளித் தகடு சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம் பூசினதுதான் ஜரிகை. துணிய எரிச்சா வெள்ளி மிஞ்சும். காசு வரும். ஆனா அந்த முந்தானையில இருந்த புட்டா, கோர்வை போட்டு உடலும் பார்டரும் சேர்த்த விதம், அந்த நிறக் கலவை எல்லாம் புகையா போயிடும். ஜக்கார்டு அட்டை எங்கேயாவது பத்திரமா இருந்தா அந்த டிசைன் பிழைக்கும். இல்லன்னா அந்தப் புடவைதான் கடைசிப் பிரதி. பழைய டிசைன மறுபடி நெய்யணும்னு யாராவது நினைச்சா, முதல்ல தேடுறது யார் வீட்டு பீரோவுலயாவது எரியாம தப்பிச்ச பழைய புடவையத்தான்.

புத்தகமும் அதேதான். பேப்பர் கடைத் தராசுல கல்கி பைண்டிங்கும் பழைய டெலிபோன் டைரக்டரியும் ஒரே விலை. ஒரு காலத்துல நம்ம வீடுகள்ல பாட்டிங்க வார இதழ்ல வந்த தொடர்கதைய வாரா வாரம் கிழிச்சு, சேர்த்து, பைண்ட் பண்ணி வெச்சாங்க. 'பொன்னியின் செல்வன்' கல்கியில தொடரா வந்தப்ப மணியம் வரைஞ்ச படங்களோட அப்படிச் சேர்த்த கட்டுகள் எத்தனையோ வீட்டுப் பரண்ல இருந்தது. வீடு மாத்தும்போது, பாகம் பிரிக்கும்போது முதல்ல வெளிய போறது அந்தக் கட்டுதான். இதே காஞ்சிபுரத்துல அண்ணா 1942லிருந்து 'திராவிட நாடு' வார இதழ் நடத்தினார். அதோட இதழ்கள் இந்த ஊர்லயே இன்னும் எத்தன வீட்டுல இருக்கும்னு நினைக்கிறீங்க?

பழைய சிங்காரம் காப்பி நம்ம அத்திவரதர் மாதிரி. எங்கேயோ தண்ணிக்குள்ள இருக்கார்னு எல்லாருக்கும் தெரியும், வெளிய வர்றதுதான் அபூர்வம். ஒரே வித்தியாசம், அத்திவரதர் 40 வருஷம் கழிச்சு வருவார்ங்கிறது உறுதி. புத்தகத்துக்கு அந்த உறுதி இல்ல.

பேப்பர் ஏன் பொடியாகுது?

இது கெமிஸ்ட்ரி. மரத்துல செல்லுலோஸும் இருக்கு, லிக்னினும் இருக்கு. மலிவான பேப்பர்ல லிக்னினை முழுசா எடுக்க மாட்டாங்க. அது வெளிச்சமும் காத்தும் பட்டு மஞ்சளாகும். இது போக, மை ஊறிப் பரவாம இருக்க படிகாரமும் ரோசினும் சேர்ப்பாங்க. படிகாரம் ஈரப்பதத்தோட சேர்ந்து அமிலம் உண்டாக்கும். அமிலம் செல்லுலோஸ் சங்கிலிய வெட்டும். சங்கிலி சின்னதாக ஆக பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கும். மலிவுப் பேப்பர்ல வந்த 1950, 60கள் புத்தகங்கள் பலதும் இப்ப அந்தக் கட்டத்துலதான் இருக்கு. பல நூற்றாண்டு பழைய துணிக்கூழ்க் காகிதம் நல்லா இருக்கு, நம்ம தாத்தா வாங்கின நாவல் உதிருது. வயசு மட்டும் காரணம் இல்ல, பேப்பரோட தயாரிப்புதான் காரணம்.

என்ன பண்ணக் கூடாதுன்னு முதல்ல சொல்லிடுறேன். செலோ டேப் ஒட்டாதீங்க. அந்தப் பசை சில வருஷத்துல பழுப்புக் கறையா பேப்பருக்குள்ள இறங்கிடும். லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க, அப்புறம் பிரிக்க முடியாது. மொட்டை மாடி வெயில்ல காய வைக்காதீங்க. பூச்சி போகும், கூடவே பேப்பரும் போகும்.

என்ன பண்ணலாம்? பட்டுப்புடவைக்கு அம்மா சொல்ற விதி அப்படியே இதுக்கும் பொருந்தும். பிளாஸ்டிக் கவர்ல அடைக்காம மல் துணியில சுத்தி வைக்கச் சொல்வாங்க இல்லையா? புத்தகத்துக்கும் பி.வி.சி. கவர் ஆகாது. அமிலம் இல்லாத பேப்பர்லயோ, துவைச்ச பருத்தித் துணியிலயோ சுத்தி, ஈரம் இல்லாத, வெளிச்சம் நேரா படாத அலமாரியில நிமிர்த்தி வைக்கணும். சுவர ஒட்டி வைக்காம ரெண்டு விரல் இடைவெளி விடணும், மழைக்காலத்துல சுவர் ஈரம் ஏறும். மாசம் ஒரு தடவை எடுத்துத் தட்டி, காத்தாட விட்டு வைக்கணும். நொறுங்குற நிலையில இருக்கிற புத்தகத்த 180 டிகிரி விரிச்சு போட்டோ எடுக்காதீங்க. பாதி திறந்த நிலையில ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு பக்கமா போன்ல எடுக்கலாம்.

எங்க தேடுறது, யார்கிட்ட போறது?

சென்னையில ஒரு காலத்துல மூர் மார்க்கெட்தான் பழைய புத்தகத்துக்குப் புகலிடம். 1985இல் அது எரிஞ்சு போச்சு. இப்பவும் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில ஞாயித்துக்கிழமை போனா ஏதாவது கிடைக்கும். ஆனா நான் சொல்றது, உங்க ஊர்ப் பேப்பர் கடையை முதல்ல பாருங்க. போட்டி கம்மி, விலையும் கம்மி. கடைக்காரர்கிட்ட நம்பர் கொடுத்து, 'பழைய எழுத்துல கதைப் புத்தகம் வந்தா சொல்லுங்கண்ணே'ன்னு சொல்லி வையுங்க.

ஒரே ஒரு ஒழுங்கு. நூலக முத்திரை இருக்கிற புத்தகம் வந்தா, அதை நூலகமே கழிச்சுக் கட்டினதுக்கான குறிப்பு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அது திருட்டாவும் இருக்கலாம். வாங்காதீங்க, முடிஞ்சா அந்த நூலகத்துக்குச் சொல்லுங்க.

சும்மா பார்க்கணும், ஒப்பிடணும்னா நூலகம் போதும். 1954ஆம் வருஷச் சட்டப்படி, நாட்டுல வெளியாகுற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு காப்பி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போகணும். கோட்டையூர் ரோஜா முத்தையா கதை தெரியுமா? செட்டிநாட்டுல விளம்பரப் பலகை எழுதுற ஓவியர். வாழ்நாள் முழுக்கப் புத்தகம், இதழ், நோட்டீஸ், அழைப்பிதழ்னு சுமார் ஒரு லட்சம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்ப சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டை விட்டு எடுத்துட்டுப் போகாம சென்னையிலயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழி செஞ்சது. இப்ப அது தரமணியில இருக்கு. புதுக்கோட்டையில கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதி, ஆசிரியர் சம்பளத்துல 'ஞானாலயா'ன்னு ஒரு தனியார் நூலகத்தையே கட்டினாங்க. முதல் பதிப்புகளுக்கே பேர் போன இடம் அது. இவங்க யாரும் கோடீஸ்வரங்க இல்ல. தூக்கிப் போடாம இருந்தவங்க, அவ்வளவுதான்.

டிஜிட்டல் பண்ணி நெட்ல போட்டுடலாமேன்னு கேப்பீங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் சட்டப்படி இலவசமா இருக்கு. ஆனா எல்லா நூலையும் நாமளே போட முடியாது. நாட்டுடைமை ஆக்கின நூல்களை விட்டுட்டுப் பார்த்தா, எழுத்தாளர் இறந்து 60 வருஷம் காப்புரிமை உண்டு. 1997இல் இறந்தவருக்கு அந்தப் பொது விதிப்படி கணக்கு 2057 முடிவு வரைக்கும் போகும். நீங்க வாங்கின காப்பிய உங்க சொந்த வாசிப்புக்கும் ஆய்வுக்கும் ஸ்கேன் பண்ணி வெச்சுக்கிறது வேற, டெலிகிராம் குரூப்ல பிடிஎஃப் விடுறது வேற.

நம்மளால ஆகுறது

முதல் பதிப்பு கையில கிடைக்கிறது அதிர்ஷ்டம். ஆனா கிடைச்ச எந்தப் பழைய காப்பியையும் பதிவு பண்றது யாராலயும் முடியும். ஒரு எக்செல் ஷீட் போதும். புத்தகப் பேர், எழுத்தாளர், பதிப்பகம், அச்சகம், வருஷம், விலை, பக்க எண்ணிக்கை, எழுத்து பழசா புதுசா, அட்டை இருக்கா, உள்ள யார் பேர் எழுதியிருக்கு, என்ன முத்திரை குத்தியிருக்கு. இம்ப்ரிண்ட் பக்கத்தையும் அட்டையையும் ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

அந்த 'யார் பேர் எழுதியிருக்கு'ங்கிற கட்டத்த லேசா நினைக்காதீங்க. விலை போகணும்னு நினைக்கிற கலெக்டருக்கு முதல் பக்கத்துல பேனாவால எழுதின பேர் ஒரு குறை. எனக்கு அதுதான் பொக்கிஷம். ஒரு 'கடலுக்கு அப்பால்' காப்பியில பினாங்குலயோ சிங்கப்பூர்லயோ ஒரு கடை முத்திரை இருந்தா என்ன அர்த்தம்னு யோசிங்க. கடல் தாண்டிப் போனவங்களப் பத்தின நாவல், கடல் தாண்டிப் போய், அந்த வாழ்க்கைய வாழ்ந்த யாரோ ஒருத்தர் கையில இருந்து, திரும்பவும் ஊருக்கு வந்திருக்கு. அந்த ஒரு முத்திரைய எந்தப் புதுப் பதிப்பும் அச்சடிச்சுத் தர முடியாது.

இந்த செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறப்ப ஒரே ஒரு வேலை பண்ணுங்க. தாத்தா வீட்டுப் பரண், பெரியப்பா வீட்டு மரப்பெட்டி, எதுல பழைய புத்தகம் இருந்தாலும் எடைக்குப் போறதுக்கு முன்னாடி இம்ப்ரிண்ட் பக்கத்த ஒரு போட்டோ எடுத்து நம்ம இதழுக்கு அனுப்புங்க. 1978க்கு முந்தின தமிழ் நாவல்களுக்கு நம்ம காலேஜ் பசங்க வீட்டுல இருந்தே ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். அதுல கலைஞன் பதிப்பகம் 1972ன்னு ஒரு போட்டோ வந்துச்சுன்னா, தயவுசெஞ்சு அந்த மூட்டையத் தராசுல ஏத்த விடாதீங்க. பஸ் பிடிச்சு நானே வர்றேன்.